அண்ணன் கண்ட அரங்கம்

ஈப்போவில் பேராக் குழு காற்பந்து ஆடுகிறது என்றால், எங்கள் லயத்தில் காலையிலிருந்தே பரபரப்புதான். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு அப்பா குளித்து, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். லாரியில் அண்ணனையும் தூக்கி ஏற்றிக்கொள்வார். நானும் வருவேன் என்று வாசற்படியில் புரண்டு அழுவேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்னடி வேலை?" என்று அம்மா அதட்டுவார்.

ஆகவே பேராக் விளையாட்டரங்கத்தை நான் அண்ணனின் வாய் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். 1965இல் திறக்கப்பட்ட அரங்கம். 40,000 பேருக்கு மேல் கொள்ளும். "நம்ம தோட்டத்து ஆளுங்க மொத்தமும் போய் உக்காந்தாலும் ஒரு மூலை நிறையாது" என்பார் அண்ணன். 1967இல் சிங்கப்பூரை வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்ததை அப்பா நேற்று நடந்ததுபோல் சொல்வார். 1970க்குப் பிறகு அந்தக் கிண்ணம் 28 ஆண்டுகள் பேராக் பக்கம் வரவேயில்லை. 1998இல் திரெங்கானுவைப் பெனால்டியில் வென்ற இரவு, வானொலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் தடவை மறு வருஷமே வந்தது.

அண்ணன் சம்பளம் சேர்த்து ஒரு பழைய கப்சாய் மோட்டார் வாங்கியிருந்தார். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் இரவு நேரத்தில் பையன்கள் பந்தயம் விடுவார்கள். ஒரு வளைவில் எதிரே லாரி. உயிர் தப்பியதே பெரிது. இடது கால் மடங்காமலே போயிற்று. அதன் பிறகு அப்பா ஈப்போ ஆட்டத்துக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. தோட்டமும் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். நாங்கள் பந்து விளையாடிய திடலில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன.

2018இல் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், பந்துத் திடலைச் சுத்தி மோட்டார் ரேஸ் விட்டா எப்படி இருக்கும்?"

உலகத்தில் அப்படி உண்டு என்றேன். லண்டன் வெம்பிளி அரங்கில் காற்பந்துத் திடலைச் சுற்றிய பாதையில் ஸ்பீட்வே பந்தயம் நடந்தது. 1936இல் முதல் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றே அங்கேதான். 1981 வரை அங்கே அந்த இறுதிச் சுற்றுகள் நடந்தன. நான்கு பேர், நான்கு சுற்று. மோட்டாருக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது.

"பிரேக் இல்லாம எப்படி டீச்சர்?" வகுப்பே வாய் பிளந்தது.

வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டுத் திருப்புவார்கள் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் ஓடுவார்கள். எதிரே லாரி வராது. நாய் குறுக்கே ஓடாது. இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் கரகரத்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

அந்த ஆண்டு பேராக் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, 14 பிள்ளைகளை வேனில் ஈப்போ அரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். அதில் 9 பேர் பெண் பிள்ளைகள். இரண்டு வீடுகளில் என் அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள், நானும் விடவில்லை. அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டேன். "இந்தக் காலை வச்சுக்கிட்டு எத்தனை படி ஏறுறது?" என்று முனகிக்கொண்டேதான் வந்தார்.

பேராக் கோல் போட்டதும் பெண் பிள்ளைகள் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, 'ஆப்சைட்' என்றால் என்னவென்று ஒருத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்டோபரில் கிண்ணமும் வந்தது. மறுபடியும் திரெங்கானு, மறுபடியும் பெனால்டி.

அன்று இடைவேளையில் அண்ணன் மெல்ல இறங்கிப் போய்க் கச்சான் வாங்கி வந்தார். அப்பா வாங்கிக் கொடுப்பாராம். பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தபின் கையில் ஒரே பொட்டலம் மிஞ்சியது. அதை என் பக்கம் நீட்டினார்.