தூசிக்கு ஓய்வு வயது கிடையாது

பிப்ரவரி 24, 2024, சனி

சித்தப்பாவுக்கு ராத்திரி முழுக்க மூச்சிழுப்பு. தலையணையை மடியில் போட்டு அதன்மேல் கவிழ்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் பறக்கிற சிலிகா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது வளரும். குணப்படுத்த மருந்தில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்க் காட்டினோம். “பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?” என்றார் டாக்டர். சிலிகோசிஸ்காரர்களுக்கு டிபி எளிதில் வரும். படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டமாம்.

“எல்லாம் மைன்ஸ் ஆஸ்பத்திரியிலதான் சார் இருந்தது.”

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது தொண்டர்கள் கூடி, குப்பையை அள்ளி, கழுவித் துடைத்து, அங்கே மறுபடி கட்டில் போட்டார்கள். மனம் வைத்தால் முடிகிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

1995-ல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தேன். தொழிலாளியின் உடல்நலம், அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம். அவரது மருத்துவப் பதிவை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும். உத்தரவு ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளுக்குத்தான். தங்கம் தோண்டியவனின் நுரையீரலுக்கு மட்டும் நியாயம் வேறா?

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் இதே சிலிகோசிஸுக்காக வழக்காடினார்கள். சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு 2019-ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு. அதே வருஷம் ராஜஸ்தான் அரசு சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு நிவாரணமும் ஓய்வூதியமும் தரும் கொள்கையைக் கொண்டுவந்தது.

பிப்ரவரி 28, புதன்

மைன்ஸ் மூடிய நாள். சித்தப்பாவின் கூட்டாளிகள் இருவர் பார்க்க வந்தார்கள். இருவருக்குமே இருமல். மைன்ஸில் வேலை செய்ததை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லையாம். “அவங்க கேக்கல, நாங்க சொல்லல.”

இங்குள்ள ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியிலேயே முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மார்புப் பரிசோதனையும், சிலிகோசிஸ் என்று சான்றளிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதைக் கேட்டு மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை தங்கவயல் குடும்பங்களுக்கு ஒன்று: பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் “மைன்ஸில் வேலை செய்தவர்” என்று முதலில் சொல்லுங்கள்.