மூன்று தட்டு

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரை, அரியமான், பிரப்பன்வலசை என்று பாக் விரிகுடாவை ஒட்டி நீள்கிறது. ஆடி மாதம் அங்கே போய் நின்றால் கடல் குளம்போலக் கிடக்கும். கயாக் ஓட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். உள்ளூர் மீனவரைக் கேட்டால் தலையை ஆட்டுவார். அந்தப் பருவத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. கரையோரத்துப் பனையும் சவுக்கும் அதை மறைத்துக்கொள்கின்றன. அலை எழும்பிச் சேர தூரமும் இல்லை. அதனால்தான் அந்த அமைதி. கொஞ்சம் வெளியே போனதும் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளத் தொடங்கும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பி முகத்தைக் கரைக்கு நேரே வைத்த பிறகுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது தெரியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்தால் எல்லாம் மாறிவிடும். அலை கரையில் வந்து அறையும், இறங்கவே மனசு வராது. ஆனால் அந்தக் காற்று ஆளைக் கரைக்குத்தான் கொண்டுவந்து போடும்.

கயாக் கற்றுக்கொள்ளப் போன எனக்கு முதல் பாடம் இப்படி மணலில் நின்றபடியே நடந்தது. இரண்டு காற்றுக்கும் நடுவே பங்குனியில் கடல் சற்று ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் புதியவர்களை இறக்குகிறார்கள். சொல்லிக்கொடுத்த பையன் அந்தப் பக்கத்துக்காரன், என் மகன் வயது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் காற்று, அலை முன்னறிவிப்பைக் காலையில் கைபேசியில் பார்ப்பான். பார்த்துவிட்டு, வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெரியவரிடமும் போய், "பெரியப்பா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்பான். இரண்டும் ஒத்துப்போனால்தான் படகு நகரும்.  ஒத்துப்போகாத நாளில் படகுகள் மணலிலேயே கிடக்கும், நாங்கள் முடிச்சுப் போடப் பழகுவோம். பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறோமே என்று முணுமுணுத்தவர்களுக்கு அவன் பதிலே சொன்னதில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் அவனை நம்பினேன்.

நான் சிவகங்கைப் பக்கத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள். மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தண்ணீர் என்றால் குழாயும் வாளியும்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் கடலில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டும் என்று தோன்றியது, போனேன். அதற்கு மேல் காரணம் இன்றும் என்னிடம் இல்லை.

சுற்றுலாத் தலங்களில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகள். ஏறும் தண்ணீர் அடியிலுள்ள துளைகள் வழியே இறங்கிவிடும். கட்டுமரத்திலும் நீர் தங்காது, கட்டைகளின் இடைவெளி வழியே இறங்கிவிடும். திறந்த கடலுக்கான கயாக் வேறு வகை. நீளம் பதினாறு, பதினேழு அடி. அகலம் இரண்டடிகூட இருக்காது. நடுவிலுள்ள குழியில் காலை நீட்டி இறங்கி, தொடையை உள்பக்கம் முட்டுக்கொடுத்து, ஸ்கர்ட் என்னும் உறையை இடுப்பிலிருந்து குழியின் விளிம்பு வரை இழுத்து மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே புகாது. ஆர்க்டிக் கடலோரத்து இனுயிட் மக்கள் கரையொதுங்கிய மரத்தால் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தி இந்தப் படகைச் செய்தார்கள். ஓட்டப்போகிறவனின் உடலை அளந்தே செய்தார்கள். இன்றைய நெகிழிப் படகில் அந்த அளவெடுப்பு இல்லைதான். ஆனாலும் உள்ளே இறங்கியதும் இடுப்புக்குக் கீழே படகு, மேலே நாம் என்று ஒரு உடம்பாகிவிடுகிறோம்.

அந்த உடம்பு முதலில் நடுங்கியது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் நான் மொத்தமாக வலப்பக்கம் சாய்வேன், உடனே அது வலப்பக்கம் ஓடிவரும். "அக்கா, இடுப்ப லூசா விடுங்க. படகு அது பாட்டுக்கு ஆடட்டும், நீங்க தலைய மட்டும் நேரா வச்சுக்கங்க" என்றான் பையன். விறைத்துக்கொண்ட இடுப்பைத் தளர்த்துவதற்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். ஒருநாள் தூரத்தில் போன விசைப்படகின் அலைகள் குறுக்கே வந்தன. அடியில் படகு மூன்று நான்கு முறை புரண்டு புரண்டு எழுந்தது, நான் மேலே நிமிர்ந்தே இருந்தேன். அது எப்போது எனக்கு வந்தது என்று தெரியாது. துடுப்பும் அப்படியே. கைகளால் இழுத்தால் அரை மணியில் தோள் எரியும். தொப்புளுக்கு மேல் உடம்பைத் திருப்பி, துடுப்பைக் கால்விரல் அருகே தண்ணீரில் ஊன்றி, இடுப்பைத் தாண்டுமுன் எடுத்துவிட்டால் முதுகின் பெரிய தசைகள் அந்த வேலையைச் செய்யும்.

இவையெல்லாம் ஓட்டும் வித்தை. அதற்கு முன்பே வேறொன்றைச் சொல்லித் தந்தார்கள். கவிழ்வது.

இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைச் சாய்த்துத் தலைகீழாகப் போக வேண்டும். உப்புநீர் மூக்கில் ஏறும், எது மேல் எது கீழ் என்று புலப்படாது. குழிக்குள் கால் மாட்டிக்கொண்டு மேலே வரமுடியாமல் போய்விடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். செய்யவேண்டியதைக் கரையிலேயே வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். முன்னால் குனிய வேண்டும். இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேல் நீட்டிப் படகின் அடிப்பகுதியை மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு உறையின் முன்வளையத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றி, இடுப்புக்கு இருபுறமும் கையூன்றித் தள்ளி வெளியே வரவேண்டும். எனக்கு விளங்காமல் இருந்தது அந்தத் தட்டல்தான். மூச்சடக்கித் தொங்கும்போது தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? தட்டிப் பார்த்த பிறகு விளங்கியது. பதற்றத்தில் கையும் காலும் அடித்துக்கொள்ளும் மனசு, மூன்று எண்ணுவதற்குள் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சத்தம் பக்கத்திலிருப்பவருக்கான அழைப்பு. தட்டிய கையை விரித்தபடி வைத்திருந்தால், அவர் தன் படகின் முன்முனையான அணியத்தைக் கொண்டுவந்து அந்தக் கையில் முட்டக் கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பை வெட்டினால் படகோடு நிமிர்ந்துவிடலாம், வெளியே வரவே தேவையில்லை.

அப்போதுதான் இந்தப் படகைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் மாறியது. ஒருவர் மட்டுமே உட்காரும் படகு, ஒரு துடுப்பு, ஒரு குழி. தனிமையை விரும்புகிறவர்களின் விளையாட்டு என்றுதான் நினைத்து வந்திருந்தேன். கற்றுக்கொடுத்ததில் பாதிக்கு மேல் அடுத்தவரோடு சேர்ந்து செய்வது. வெளியே விழுந்தவரின் படகை மீட்கும் முறையைப் பாருங்கள். மீட்கிறவர் தன் படகை, கவிழ்ந்த படகின் அணியத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவார். அந்த அணியத்தைத் தூக்கித் தன் மடிக்கு முன்னால் இழுத்துப் போட்டால் குழியிலுள்ள நீர் வடிந்துவிடும். பிறகு படகை நிமிர்த்தி, தண்ணீரில் இறக்கி, தன் படகோடு ஒட்டினாற்போல் வைத்து, அதன் மேல் முழு உடம்பையும் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் காலை உதைத்து, வயிற்றால் படகின் பின்பக்கம் ஏறி, திரும்பிக் குழிக்குள் இறங்குவார். இரண்டடி அகலப் படகு தனியாக நின்றால் ஆடும். இரண்டைச் சேர்த்து ஒருவர் குறுக்கே சாய்ந்து பிடித்துவிட்டால் பலகைபோல நிற்கும், அலை வந்தாலும் அசைக்க முடியாது. முதல்முறை என்னைப் பிடித்துக்கொண்டவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி. "ஏறுங்க ஆன்ட்டி, நான் விடமாட்டேன்" என்றாள். பெயர்கூடச் சரியாகத் தெரியாத பெண்ணை அவ்வளவு முழுமையாக நான் நம்பியதில்லை.

தனியாகவே நிமிரும் வித்தையும் இருக்கிறது. துடுப்பை நீர்மேல் வீசி இடுப்பை வெட்டி உருண்டு எழுவது. ஸ்கர்ட்டைக் கழற்றாமலே மேலே வந்துவிடலாம். கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுக்கு அது உயிர்க்கலை. அந்தக் குளிர்நீரில் வெளியே விழுந்தவன் அதிக நேரம் தாங்கமாட்டான். 1930-31இல் அங்கே ஆய்வுக் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கிய ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் அந்த மக்களிடம் அந்த வித்தையைப் பழகித் தேர்ந்தார். மறுபடி கிரீன்லாந்துக்குப் போனவர், 1932 ஆகஸ்டில் ஒருநாள் தனியே கயாக்கில் சீல் வேட்டைக்குக் கிளம்பினார். தோழர்கள் பிறகு கண்டது ஆளில்லாமல் மிதந்த அவர் படகை. அப்போது அவருக்கு வயது 25. பயிற்சியின் நடுவே பையன் இந்தக் கதையைச் சொன்னபோது யாரும் பேசவில்லை.

மறுபக்கம் ஆஸ்கர் ஸ்பெக்கும் இருக்கிறார். அதே 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கில் கிளம்பியவர், இந்தியக் கரையைத் தொட்டு, இலங்கைக்கும் போய், 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடக்கே டாரஸ் நீரிணைத் தீவொன்றில் கரையேறினார். போர் மூண்டிருந்ததால் எதிரி நாட்டவர் என்று காவலில் வைத்துவிட்டார்கள். ஏழாண்டுகள் அவர் தனியாளாக வந்ததை மறுக்கமாட்டேன், வியக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் கடல் அல்ல.

என் கடல் சிறியது. கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு மேலே முக்கால் மீட்டர்தான். அந்த உயரத்திலிருந்து அடிவானம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும். நாம் பார்ப்பது அவ்வளவு என்றால், விசைப்படகுக்காரர் நம்மைப் பார்ப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் பளிச்சென்ற நிறத்தில் சட்டை, கழுத்தில் விசில். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையருகே கீழே கடற்புல் படுகை அசைவது தெளிவாகத் தெரியும். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். இதே விரிகுடாவின் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. நான் இன்னும் ஆவுளியாவைப் பார்த்ததில்லை. சொறி மீன்களைப் பார்த்திருக்கிறேன், பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளை ஒதுங்கிக் கடந்திருக்கிறேன். அவை ஒரு குடும்பத்தின் வரும்படி, துடுப்பின் நுனிகூடப் படக்கூடாது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடற்கரை விடுதி ஒன்றில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, துடுப்பைக் கையில் கொடுத்து, "அந்தக் கொடி வரைக்கும் போயிட்டு வாங்க" என்று அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லை. ஒருமுறைகூடக் கவிழ்ந்து பழகாதவரைக் கடலுக்குள் அனுப்புவதைப் பயிற்சி என்று சொல்லக்கூடாது. காசுக்குச் சவாரி என்று சொல்லிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நிறுத்திக்கொள்ளட்டும்.

இந்த மாவட்டத்துக் கடலோரப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலையோடு கடலுக்குள் மூழ்கி எழுகிறார்கள். மூச்சடக்குவதிலும் நீரோட்டம் அறிவதிலும் எங்கள் வகுப்பில் இருந்த யாரும் அவர்களுக்கு ஈடில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவர்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. உள்ளூர்ப் பையன்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய தங்கைகளும் வரவேண்டும். அப்படி ஒருத்தி நடத்தும் வகுப்பு இருந்தால், தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து கவிழ்ந்து பழக நான் தயார்.