மாம்பழம் பிடிக்கும் ஆட்டம்

என் பத்து வயதுப் பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர் விளையாட்டுதான். "போதும்டா, எழுந்திரு" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். உங்கள் வீட்டிலும் இதே பாட்டுதானே? ஒருநாள், "இதெல்லாம் உனக்கு எங்கேம்மா புரியப் போகுது?" என்றானே பார்க்கலாம்! சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன் கணிதத்தில் பட்டம் வாங்கியவளாக்கும் நான்!

'ஸ்க்ராட்ச்' என்று ஒன்று. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, காசு கிடையாது. கட்டளைகளெல்லாம் வண்ணக் கட்டைகள். ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டியதுதான். மதியம் பாத்திரம் தேய்த்து முடித்ததும் அரைமணி உட்கார்ந்தேன். பூனையை நடக்க வைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பிறகு, விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடிக்கும் ஆட்டம். திரையின் நடுவில் 0, இடது ஓரம் -240, வலது ஓரம் 240. அட, நாம் படித்த கிராஃப் தாளேதான்!

ஆனால் மறுபடி ஆடினால் பழைய ஸ்கோரே தொடர்ந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அரிசி அளக்கும்போது பளிச்சென்று தோன்றியது: ஆழாக்கைக் காலி செய்யாமல் அளந்தால்? பச்சைக் கொடியை அழுத்தியதும் ஸ்கோரை 0 ஆக்கும் கட்டையை நான் வைக்கவே இல்லை!

பையன் ஆடிப் பார்த்தான். "ரொம்ப ஈஸியா இருக்கும்மா, வேகத்தைக் கூட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இப்போது எங்களுக்குள் சண்டையெல்லாம், அழுகல் பழத்தைப் பிடித்தால் எத்தனை பாயிண்ட் குறைப்பது என்பதில்தான்.