அம்மாவின் புள்ளிகள்

கரும்பலகையின் முன்னே நின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதயத்தையும் சிறுநீரகத்தையும் வரைந்து பழகியவன் நான். 2020 ஆம் ஆண்டு பங்குனியில் பாடசாலைகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே பாடம் நடத்தும் நிலை வந்தபோது, ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி ஒரு வரைபலகையை அனுப்பிவைத்தான். பார்வைக்குச் சிலேற்றைப் போன்ற தட்டு. அதனோடு ஒரு பேனா. "அண்ணா, இனி உங்களுக்கு வெண்கட்டி வேண்டாம்" என்று எழுதியிருந்தான்.

அது அவன் எண்ணியவாறு அத்துணை எளிதாயிருக்கவில்லை. வரையும்போது இடக்கை விரல்களைப் பலகையில் ஊன்றிக்கொள்வது என் நெடுநாள் வழக்கம். இந்தத் தட்டோ ஊன்றிய விரல்களையெல்லாம் கட்டளைகளாகவே கொண்டது. இரு விரல்கள் அகன்றால் படம் பெருக்கும். திரும்பினால் படமும் திரும்பும். இரு விரல்களால் தட்டினால் கடைசியாக இட்ட கோடு மறையும். மூன்று விரல்களால் தட்டினால் மறைந்தது மீளும். முதல் வாரத்தில் என் இடது சோணையறை எத்தனை தடவை தலைகீழாயிற்று என்பதை மாணவர்களே அறிவர்.

ஆத்திரப்பட்டுப் பயனில்லையென்று கண்டு, அதன் இயல்பைப் படிக்கலானேன். இத்தட்டுக்குப் புலன்கள் இரண்டு. பேனாவினுள்ளே மின்கலம் இல்லை; சிறியதொரு கம்பிச்சுருளே உண்டு. தட்டின் அடியிலுள்ள கம்பிவலை மெல்லிய மின்காந்தக் குறியை எழுப்ப, அச்சுருள் ஒத்ததிர்ந்து மறுமொழி கூறும். நுனி நிற்கும் இடமும் அதன் அழுத்தமும் இவ்வாறே தெரியவருகின்றன. யப்பானில் 1983 இல் தொடங்கப்பட்ட வாக்கொம் நிறுவனம் பரப்பிய முறை இது. விரலை அறியும் வழி வேறு. நமது உடல் மின்னைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் கண்ணாடியின் கீழ் மின்கொள்ளளவம் சிறிது மாறும். தட்டு அதை உணரும். (கை ஈரமாயிருந்தால் அது தடுமாறுவதும் இதனாலேயே.) வாயில்கள் இரண்டாதலால், ஒன்றைத் திறந்து மற்றதை அடைத்துவைக்கலாம் அல்லவா?

நான் அவ்வாறே செய்தேன். விரலால் வரைவதை நிறுத்தினேன். பேனாவின் பக்கத்துப் பொத்தானுக்கு அழிப்பானின் வேலையைக் கொடுத்தேன். நான் பயன்படுத்திய இலவச நிரலின் பெயர் கிரீற்றா. சுவீடிய மொழியில் அச்சொல் வெண்கட்டியைக் குறிக்குமாம். அதை அறிந்த அன்று தம்பியின் கடிதத்தை நினைத்துத் தனியே சிரித்தேன்.

இவ்வளவும் என் வசதிக்காகச் செய்தவை. அம்மாவின் கதை வேறு.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. பொங்கலன்று முற்றத்திலே அவர் இடும் கோலம் அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. எந்தக் கொப்பியிலும் அது இல்லை. அவருடைய விரல்களிலேயே இருந்தது. இப்பொழுது முழங்கால் மடங்குவதில்லை. கையும் சற்றே நடுங்குகிறது. ஒருநாள் என் மகள், "அப்பாச்சி, இதிலே போட்டுக் காட்டுங்கோ" என்று தட்டை அவர் மடியில் வைத்தாள்.

பேனாவை அம்மா கையாலும் தொடவில்லை. "பேனாவாலே ஆர் பிள்ளை கோலம் போடுறது?" என்றார். நான் விரல் வாயிலைத் திறந்துவிட்டேன். அம்மா மாவைக் கிள்ளி எடுப்பவர்போலப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் புள்ளி வைக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது. மீண்டும் எண்ணினார், மீண்டும் வைத்தார்.

"தம்பி, ஐஞ்சு வைச்சனான். நாலு கிடக்கு. நான் வைச்சனானோ, இல்லையோ?"

அந்த ஆண்டில் அம்மாவுக்குச் சிறு மறதிகள் வரத் தொடங்கியிருந்தன. சாவியைத் தேடுவார், உண்ட பின்னும் உண்டேனா என்று கேட்பார். நாங்கள் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவந்தோம். மூன்றாம் முறையும் புள்ளி குறைந்தபோது, தட்டை மெல்ல ஒதுக்கிவைத்தார். "எனக்கு மறதி முத்திப்போச்சு. இனி என்னைக் கேளாதையுங்கோ" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அதை நம்பிவிட்டேன்.

"அப்பா, அப்பாச்சி இரண்டு விரலாலே தொடுறா" என்றாள் மகள்.

விரல்கள் நெருங்கியிருந்தபோது தட்டு அவற்றை ஒன்றாகக் கொண்டு புள்ளியை இட்டது. சற்றே விலகியபோது இரண்டாகக் கொண்டு முன்வைத்த புள்ளியை அழித்தது. பிழை அம்மாவினதன்று, பொறியினதுமன்று. அமைப்பைத் திருத்தாமல் மடியில் வைத்த என்னுடையதே.

அன்றிரவு அமர்ந்து, அம்மாவுக்கெனத் தனியானதோர் அமைப்பைச் செய்தேன். இரு விரல், மூன்று விரல் தட்டல்களை நீக்கினேன். பெருக்குவதையும் திருப்புவதையும் நீக்கினேன். நடுக்கத்திற்காகக் கோட்டைச் சீராக்கும் வசதியைக் கூட்டினேன். அது விரல் சென்ற இடங்களின் சராசரியை எடுத்துச் சற்றுப் பின்தங்கியே கோட்டை இழுக்கும். மிகக் கூட்டினால் கோலத்தின் வளைவுகள் மழுங்கிவிடுகின்றன. எனவே பாதியாகக் குறைத்தேன். இனி சில வேளைகளில் புள்ளி விழாமற் போகலாம். ஆனால் விழுந்தது மறையாது.

காலையில் நடந்ததை அம்மாவுக்கு விளக்கினேன். கம்பிச்சுருளையும் கொள்ளளவத்தையும் அவர் கேட்கவில்லை. "அப்ப நான் வைச்சது வைச்சதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

அரை மணி நேரத்தில் கோலம் முடிந்தது. ஓரிடத்தில் கோடு விலகிற்று. அழித்துத் தரட்டுமா என்றேன். "கோலத்திலே ஆர் அழிக்கிறது?" என்று, விலகிய இடத்தை ஒரு பூவாக்கிவிட்டார். சென்ற பொங்கலன்று மகள் அதைப் பார்த்து முற்றத்தில் மாவால் இட்டாள். அந்தப் பூவையும் விடவில்லை. அம்மா நாற்காலியில் இருந்தபடியே, புள்ளி நெருங்கிவிட்டதென்று இரண்டு தடவை கண்டித்தார்.

என் தட்டில் இப்பொழுது 'வகுப்பு' என்றும் 'அம்மா' என்றும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. காலையில் மாற்ற மறந்து பாடத்தைத் தொடங்கிவிடும் நாட்களில், என் இடக்கை விரல் இதயத்தின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடுகிறது. "சேர், அது எந்த நாளம்?" என்று கேட்க ஒரு மாணவன் எப்பொழுதும் இருக்கிறான்.