கேட் ஒன்று, பெட்டி பல!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "கவிதை எல்லாம் எனக்கு வராதுண்ணே" என்றேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுது" என்றார். எனக்கு வந்ததெல்லாம் ஒரு பிழைச் செய்திதான்: '502 பேட் கேட்வே'. மூன்று ராத்திரி தூங்கவிடாத அந்தப் பிழையைப் பற்றியே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவு அல்லாத நண்பர்களும் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். படித்தது ஐந்தாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். ஆனால் முதலாம் ஆண்டில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவர்களிடம் "டிரான்ஸ்போர்ட் பிசினஸ்" என்று சொன்னவனும் நான்தான்.

இந்த வருடம் ப்ராஜெக்ட். காசிமேட்டு மீன் ஏல விலையைக் காட்டும் வெப்சைட் என்னுடையது. எர்ணாவூர் நண்பனுடையது கேன்டீன் டோக்கன். இரண்டு பேருக்கும் சேர்த்து லேப்டாப் ஒன்றே ஒன்று. என் அம்மா சீட்டு எடுத்து வாங்கித் தந்த செகண்ட் ஹேண்ட். இரண்டையும் டாக்கரில் போட்டோம். 2013-இல் வெளிவந்த டாக்கர், ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்குப் பெயரே கன்டெய்னர். அதன் சின்னம், முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு திமிங்கிலம்.

இரண்டுமே 3000-ஆம் போர்ட்டைக் கேட்டன. அவனுடையதை 3001-க்கு மாற்றினோம். முதல் ரிவ்யூவில் மானம் போயிற்று! என் தளத்தில் லாகின் செய்தால் அவன் தளம் லாகவுட் ஆகிறது. "ஏன்?" என்றார் சார். "தெரியல சார், வீடியோ பார்த்து அப்படியே போட்டோம்." சார் திட்டவில்லை. "காப்பியடிச்சா ஓடும்டா. நின்னுபோனா யாரு ஓட்டுவா? பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார்.

தேடிப் படித்தோம். பிரவுசர் குக்கியைத் தளத்தின் பெயரை வைத்துத்தான் பிரிக்கிறது. போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. எங்கள் இரண்டு தளத்துக்கும் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்'. குக்கிக்கும் ஒரே பெயர். ஆகவே ஒன்று மற்றதை அழித்துவிட்டது. ஆளுக்கொரு பெயர் வைப்பதுதான் வழி. 'மீன்.டெஸ்ட்', 'டோக்கன்.டெஸ்ட்' என்று வைத்தோம். 'டெஸ்ட்' என்று முடியும் பெயர்கள் சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டவை. 'டெவ்' என்று வைத்திருந்தால் வம்பு. 2017 கடைசியிலிருந்து க்ரோம் அதை எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறப்பதில்லை. இரண்டு பெயரையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1-க்கு நேராக எழுதினோம். அந்த எண்ணுக்கு 'இதே மெஷின்' என்று அர்த்தம். 1983-இல் டிஎன்எஸ் உருவாவதற்கு முன்னால் முழு நெட்வொர்க்கும் இப்படி ஒரு கோப்பை நம்பித்தான் ஓடியது!

இரண்டு பெயரும் ஒரே மெஷினுக்கு வந்தால் பிரித்து அனுப்ப வாசலில் ஒருவர் வேண்டும். அவர்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. சாதாரண ப்ராக்ஸி நமக்காக வெளியே போய் வாங்கி வரும். இது தலைகீழ், வெளியிலிருந்து வருவதை உள்ளே இருப்பவர்களுக்காக வாங்கிக்கொள்ளும். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸை அதற்கு வைத்தோம், அதையும் ஒரு கன்டெய்னரிலேயே. 'மீன்.டெஸ்ட் வந்தால் லோக்கல்ஹோஸ்ட் 3000-க்கு அனுப்பு' என்று எழுதினோம்.

வந்தது 502. பிரவுசரில் நேராக 3000-க்குப் போனால் தளம் திறக்கிறது. எஞ்சின்எக்ஸ் வழியாகப் போனால் திறக்கவில்லை.

மூன்றாம் ராத்திரி 2 மணி. துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். திரையில் திமிங்கிலத்தைப் பார்த்து, "இன்னாடா, நம்ம பெட்டி படம் போட்டுக்குது?" என்றார். எரிச்சலோடுதான் சொல்ல ஆரம்பித்தேன். பெட்டி என்றதும் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுல நம்பரப் பாத்துதாண்டா எங்க எறக்கணும்னு சொல்லுவான். நாலு எழுத்து, ஏழு நம்பரு."

"இதுவும் அப்படித்தான்பா. பிரவுசர் அனுப்புற சீட்டுல ஹோஸ்ட்னு பேர் இருக்கும். அதைப் பாத்து அனுப்பும்."

"சரி, எங்க அனுப்புனு எழுதிக்கிற?"

"லோக்கல்ஹோஸ்ட். இங்கயேன்னு அர்த்தம்."

"இங்கன்னா எங்கடா? எண்ணூர்ல நிக்கறவன் இங்கன்னா அது எண்ணூரு. நான் இங்கன்னா நம்ம வீடு. கேட்டுல நிக்கறவன்கிட்ட போய் இங்கயே எறக்குனு சொன்னா, கேட்டுலயேதான் எறக்குவான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சின்எக்ஸும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது 'இங்கே' என்று தேடியது தன் பெட்டிக்குள்ளேயே! அங்கே 3000-இல் யாரும் இல்லை. உடனே மூன்று கன்டெய்னரையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்தேன். லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு கன்டெய்னரின் பெயரை எழுதினேன். அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று டாக்கரே உள்ளுக்குள் சொல்லிவிடும். வெளியே போட்டிருந்த 3000, 3001 இரண்டையும் மூடினேன். திறந்திருப்பது எஞ்சின்எக்ஸின் 80 மட்டும். ஹோஸ்ட் பெயரை மாற்றாமல் உள்ளே அனுப்பச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தேன்.

மீன்.டெஸ்ட் திறந்தது. டோக்கன்.டெஸ்ட்டும் திறந்தது. இரண்டிலும் லாகின் நின்றது. அப்பா அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

இரண்டாம் ரிவ்யூவில் சார் மறுபடியும் "ஏன்?" என்றார். இந்தத் தடவை நண்பனும் நானும் போட்டி போட்டுச் சொன்னோம். "யாருடா இவ்வளவு தெளிவா சொல்லிக் குடுத்தது?" என்றார். "எங்க அப்பா சார். டிரெய்லர் டிரைவர்" என்றேன். அந்த வார்த்தையை இந்தக் கல்லூரியில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது முதல் நம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பேர் இந்தப் பெட்டிகளோடு வாழ்கிறார்கள். நாம் புத்தகத்தில் தேடுவது சில சமயம் நம் வீட்டுத் திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நண்பர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லிப் பாருங்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் சார் பெயருக்கு அடுத்த வரியில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன், தொழிலோடு.