காலுக்கேற்ற வாங்கு

விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம் வாயிலுக்கு வந்தபொழுது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்தனர் போலும். ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எழுத விரும்புவது ஒரு வாங்கைப் பற்றி. வகுப்பறையில் நாம் எல்லோரும் பெயர் செதுக்கிய வாங்கு அன்று; மரவேலைக்குரிய வாங்கு; மடித்துத் தூக்கிச் செல்லத் தக்கது. அதனை வெள்ளவத்தையில், நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் பின்புறத்தே செய்தோம். அது இன்று உழைப்பது கொட்டாஞ்சேனையில்.

வாங்கு என்னும் சொல்லே நமக்குப் போர்த்துக்கேயர் தந்தது. மேசை, கதிரை, அலுமாரி என்பனவும் அவர்கள் வழி வந்தனவே. கொழும்பிலே கைவினைஞர் எவரையும் 'பாஸ்' என்றழைக்கிறோமே, அச்சொல் ஒல்லாந்தருடையது. ஆனால் வாளும் உளியும் சீவுளியும் கொட்டாப்புளியும் நம்முடைய சொற்கள். கருவிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த நம் தச்சர், அவற்றைக் கொண்டு வேலை செய்யும் வாங்குக்கு மட்டும் பிறர் சொல்லைக் கடன் வாங்கியது ஏன்? இவ்வினா நெடுநாள் எம் மனத்தில் எழவில்லை. எழுந்தபொழுது விடை கூறியவர் புலவர் அல்லர், ஒரு தச்சர்.

எமது உத்தியோகம் கந்தோரில் கணக்கெழுதுவது. மரவேலை மாலை நேரப் பித்து. 1970களில் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் குடியிருந்தபொழுது முதிரை மரத்தால் ஒரு வாங்கு செய்வித்தோம். முதிரையின் பாரம் அறிந்தவர் அறிவர். நால்வர் கூடினால் அன்றி அஃது அசையாது. அசையாமையே அதன் பெருமை என்று நாம் எண்ணியிருந்தோம். 1983 ஜூலையில் உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பங்களில் எமதும் ஒன்று. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அப்பொழுது அகதி முகாமாயிற்று. வகுப்பறைகளின் வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நிலத்தில் படுத்தோம். சில மாதங்களின் பின் ஒழுங்கைக்குத் திரும்பிச் சென்று பார்த்தோம். முதிரைப் பலகையின் மேற்புறம் ஓரங்குல ஆழத்துக்குக் கரியாகியிருந்தது. அடிப்புறம் சேதமில்லை. சீவி எடுத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உதவும். ஆயினும் அதை வைப்பதற்கு எமக்கு வீடு இல்லை. விட்டுவந்தோம்.

1984இல் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. கீழ் விறாந்தையில் வடமராட்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தச்சுவேலை செய்துகொண்டிருந்தார். வயதில் எம்மிலும் இளையவரே எனினும் அவரை ஆசாரியார் என்றே அழைத்தோம், இன்றும் அவ்வாறே. அவரிடம் வாங்கு இல்லை. நிலத்திலே அமர்ந்து, பலகையை ஒரு சிறு கட்டையின்மேற் சாய்த்து, இடது பாதத்தின் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். திருப்ப வேண்டுமாயின் கால் திருப்பும். இறுக்க வேண்டுமாயின் குதி இறுக்கும். மேனாட்டுத் தச்சன் இரும்புத் திருகுப் பிடியைக் கழற்றி மாட்டும் நேரத்தில் இவர் பத்து முறை பிடி மாற்றிவிடுவார்.

"ஒரு வாங்கு செய்தால் என்ன, ஆசாரியார்?" என்று ஒருநாள் கேட்டோம்.

"வாங்கு உங்களுக்குத்தான் வேணும் ஐயா. எனக்குக் கால் இருக்குது," என்றார் அவர்.

சொல் ஏன் கடனாக வந்தது என்பதற்கு விடை அதுவே. பொருள் வேண்டாதவனுக்குப் பெயர் எதற்கு? வேலை நடக்கும் இடத்துக்கு அவருடன் கூடவே நடந்து சென்ற வாங்கு அது. தூக்கிச் செல்லும் கூலியும் இல்லை.

பின்னர் நாம் வெள்ளவத்தைக்கே மீண்டோம். அவர் கொட்டாஞ்சேனையிலேயே இருந்து, கதவு, யன்னல், சுவாமி மாடம் என்று வீடு வீடாகச் சென்று வேலை செய்துவந்தார். நீரிழிவு அவரைப் பற்றியது. காலின் உணர்ச்சி சிறிது சிறிதாகக் குன்றியதை அவர் பொருட்படுத்தவில்லை. 2016இல் பழைய பலகையொன்றிலிருந்த ஆணி இடது பாதத்தில் ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மாலையில் நிலத்தில் இரத்தத் தடம் கண்டு பேரன் சொல்லியே அறிந்தார். புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

செயற்கைக் கால் கிடைத்தது. ஜெய்ப்பூர்க் கால் எனப்படுவது அது. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி முதலான மருத்துவர்களும் உருவாக்கியது. சப்பாத்து அணியாமல் நடக்கவும், வயலில் இறங்கவும், குந்தவும் இசைய வேண்டும் என்று நம் நாட்டார் வாழ்க்கையை எண்ணி இறப்பரால் ஆக்கப்பட்ட பாதம். மேனாட்டுச் செயற்கைக் கால்கள் இவற்றை எண்ணிப் பார்த்ததில்லை. நாம் அவரைப் பார்க்கச் சென்றபொழுது அவர் அக்காலை மடித்துக் காட்டினார். எழுந்து விறாந்தையின் நீளத்துக்கு நடந்தும் காட்டினார். பிறகு ஒரு பலகைத் துண்டை எடுத்து அதன் கீழ் வைத்தார். பலகை வழுக்கி விழுந்தது.

"கை இரண்டும் அப்பிடியே இருக்குது ஐயா. பிடிக்கத்தான் ஆள் இல்லை," என்றார்.

அன்றிரவே தாள் எடுத்து வரையத் தொடங்கினோம்.

மடிக்கும் வாங்கு உலகுக்குப் புதிதன்று. தென்னாபிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் என்னும் மோட்டார் வண்டியை வடிவமைத்த ரொன் ஹிக்மன் என்பவர், 1960களின் தொடக்கத்தில் பலகையொன்றைக் கதிரைமேல் வைத்து அறுக்கையிற் கதிரையையும் சேர்த்து அறுத்துவிட்டார். அவ்வருத்தத்திற் பிறந்ததே வேர்க்மேற் என்னும் மடிப்பு வாங்கு. அதனை ஏற்க முதலில் நிறுவனங்கள் மறுத்தன. அவர் தாமே செய்து விற்றார்; 1970களின் தொடக்கத்திலேதான் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதனைப் பெருந்தொகையில் ஆக்கத் தொடங்கியது. அவரது சூழ்ச்சி எளிது: மேற்பலகையை இரண்டாகப் பிளந்து, ஒன்றை நிலையாகவும் மற்றதைத் திருகினால் நகர்வதாகவும் வைத்தார். மேசையே பிடியாயிற்று. திருகுகள் இரண்டும் தனித்தனியே இயங்குவதால் ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கிய மரத்தையும் அது கவ்வும். பாதமும் அதைத்தானே செய்தது! ஆதலின் அவ்வழியையே பின்பற்றினோம்.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பலா மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வெள்ளவத்தையில் ஓட்டு வீடுகள் இடிந்து மாடிகள் எழுந்தவண்ணம் உள்ளன. இடித்த வீடொன்றின் நிலைக் கட்டைகளும் கதவுப் பலகைகளும் பலாவாகக் கிடைத்தன. ஐம்பது ஆண்டுக்கு மேல் உலர்ந்தவை. இனி முறுகா, சுருங்கா. ஆணி மட்டும் மறைந்திருக்கும். ஒரு காந்தத் துண்டை நூலிற் கட்டி அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்து, பதினொரு ஆணிகளைப் பிடுங்கினோம். பன்னிரண்டாவது எமது வாளின் பற்களிற் சிக்கி அகப்பட்டது.

மேலே மூன்றடி நீளமும் ஆறங்குல அகலமும் ஒன்றரை அங்குலத் தடிப்புமான இரு பலகைகள். அடியிற் கட்டைகள் பொருத்தி, குவாரி வீதி இரும்புக் கடையில் வாங்கிய புரி வெட்டிய கம்பிகள் இரண்டை அவற்றினூடே செலுத்தினோம். இரு பலகைகளிலும் முக்கால் அங்குலத் துளைகளை நான்கங்குலத்துக்கு ஒன்றாக இட்டு, முளை செருகவும் ஆப்பு அடிக்கவும் வழி செய்தோம். கால்களைத் துளையும் கழுந்துமாகச் சட்டமாக்கிப் பித்தளைப் பிணைச்சல்களில் மாட்டினோம். வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்புப் பிணைச்சலை ஈராண்டில் தின்றுவிடும்.

இங்கேதான் இடர்ப்பட்டோம். கால்கள் மடங்கவில்லை. மூன்றடிப் பலகையின் கீழ் இருபுறத்திலிருந்தும் இரண்டரை அடிக்கு மேற்பட்ட கால்கள் மடிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டுமன்றோ? கணக்கெழுதுவோருக்கு இது முன்னரே தோன்றியிருக்க வேண்டும். ஒரு புறத்துப் பிணைச்சலின் கீழ் இரண்டங்குலக் கட்டை வைத்து, அப்புறக் காலை அந்தளவு குறைத்து, மூன்று நாள் மல்லாடிச் சரிசெய்தோம். அடுத்து ஆட்டம். சீவுளியைத் தள்ளுந்தோறும் வாங்கு சரிந்து சரிந்து வந்தது. நாற்கோணம் சரியும், முக்கோணம் சரியாது என்று கேத்திரகணித வகுப்பில் ஓதியது அப்பொழுது நினைவுக்கு வர, கழற்றி மாட்டக்கூடிய குறுக்குத் தாங்குகள் இரண்டு சேர்த்தோம். சரிவு நின்றது, வாங்கு முழுவதும் தரையில் வழுக்கி ஓடத் தொடங்கியது. பாரம் குறைந்ததன் தண்டனை அது. மின்னரைப்பான் வந்தபின் வேலையற்றிருந்த அம்மியைத் தூக்கிக் கீழ்ச் சட்டத்தில் வைத்தோம். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்.

நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை படும் உயரமே வாங்கின் உயரம் என்பது மேனாட்டு நூல்களின் விதி. அளந்தோம்: 33 அங்குலம். மொத்த நிறை ஏறக்குறைய 14 கிலோ. ஓட்டோ ஒன்றின் பின் ஆசனத்தில் அடக்கமாகப் பொருந்தியது. பெருமிதத்தோடு கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுசென்றோம்.

ஆசாரியார் எல்லா மூட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பலகையொன்றைக் கவ்வவைத்துப் பத்து நிமிடம் நின்று சீவினார். முகம் வியர்த்தது, வெட்டிய காலின் முனை நோவெடுத்தது. கதிரையில் இருந்து சீவினார். முழங்கை தோளளவுக்கு உயர்ந்தது. நாம் அளந்தது எமது கையை என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

"நல்ல மேசை ஐயா. இதிலை இருந்து சாப்பிடலாம்," என்றார் மிக மரியாதையாக.

அடுத்த வாரம் சென்றபொழுது வாங்கைக் காணவில்லை. முழங்காலுயரத்தில் வேறொன்று நின்றது. நான்கு கால்களிலும் பதினைந்து அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டார்! தாங்குகளையும் குறுக்கியிருந்தார். வெட்டிய துண்டுகள் முளைகளாகவும் ஆப்புகளாகவும் ஒரு கொட்டாப்புளியாகவும் உருமாறியிருந்தன. அவரோ வாங்கின் ஒரு முனையில் இருபுறமும் காலிட்டுக் குதிரைமேல் இருப்பவர்போல் அமர்ந்து, முன்னே பலகை கவ்வப்பட்டிருக்க, சீவலைச் சுருள் சுருளாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வாங்கு அசையவில்லை. அதன்மேல் இருந்த பாரம் அவரே.

எமக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். மூன்று நாள் மல்லாடிய மடிப்பு! பதினாறரை அங்குலத்துக்கு மேற்படாமல் குறுகிய கால்கள் இரண்டும் இப்பொழுது ஒன்றையொன்று தொடாமலே மூன்றடிக்குள் மடிந்தன. நாம் வைத்த இரண்டங்குலக் கட்டை ஒரு காரணமுமின்றி இன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனை எடுத்துவிடுமாறு சொன்னோம். "இருக்கட்டும், ஐயாவின்ரை வேலை," என்றார்.

பின்னர் ஒரு நூலிற் படம் ஒன்று கண்டோம். ஜெர்மனியில் சால்பேர்க் என்னும் உரோமர் கோட்டையின் கிணற்றிலிருந்து எடுத்த தச்சு வாங்கு; கி.பி. 2ஆம் நூற்றாண்டினது. உயரம் முழங்காலளவு. துளைகளும் உள. பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்திய தச்சன் எப்படி அமர்ந்தான் என்பதை ஆசாரியார் நூலின்றி அறிந்திருந்தார். படத்தைக் காட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, துளைகள் ஓரத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கின்றன, பலகை வெடிக்கும் என்றார்.

இப்பொழுது வாங்கின் நிறை 12 கிலோ. பேரன் ஒரு கையால் தூக்கி ஓட்டோவில் வைக்கிறான். வேலையில்லாத நாளில் அதுவே விறாந்தையில் இருக்கை; விளக்கு மாற்றுகையில் படி; நவராத்திரியில் வெள்ளை விரித்துக் கொலுவின் கீழ்த் தட்டு. சென்ற ஆண்டு எமது குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதி அடைபடாமல் நின்றபொழுது அவ்வாங்கு முதன்முறையாகத் தான் பிறந்த வெள்ளவத்தைக்கு வந்தது. லிப்ட் பழுது. மூன்று மாடியும் பேரன் அதனைத் தோளிற் சுமந்து ஏறினான். ஆசாரியார் பிடியைப் பற்றிக்கொண்டு பின்னே வந்தார். சத்தம் கூடாது என்று அடுக்குமாடி நிருவாகத்தார் ஒட்டிய அறிவித்தலுக்குக் கீழேயே வாங்கை விரித்துக் கதவைச் சீவினார். சீவுளியின் ஓசையைக் குறித்து எவரும் முறையிடவில்லை; பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சீவற் சுருள்களைப் பொறுக்கிச் சென்றனர்.

செயற்கைக் காலைச் சரிபார்க்கச் சென்ற இடத்தில் அவருக்கு ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். மொறட்டுவையைச் சேர்ந்த சிங்களத் தச்சர். அவருக்கு வலது கால் இல்லை. தமக்கும் ஒரு வாங்கு வேண்டும் என்று கேட்டனுப்பினார். பலாப் பலகை இன்னும் மிச்சமிருந்தது. இம்முறை மரத்தில் வாள் வைக்குமுன் மொறட்டுவைக்குச் சென்று, அவரை ஒரு பெட்டிமேல் அமரவைத்து, நிலத்திலிருந்து முழங்கால்வரை அளந்தோம். 17½ அங்குலம்.