வடிகுழாய்

மழை விட்டதும் இருக்கைக்குப் பின்னால் கைவைத்து ஈரம் பார்ப்பது, பழைய திறந்த கார் வைத்திருப்போரின் வழக்கம். இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பகுதியில் 2014 முதல் நான்காண்டுகள் பங்குப்பணி ஆற்றியபோது இதனை நாம் அறிந்தோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், 1992-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பேணி வந்தார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை. மனைவியும் அவரும் விரும்பி வாங்கியது. அவ்வம்மையார் மறைந்தபின் பக்கத்து இருக்கை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஞாயிறு திருப்பலிக்குப்பின் சிலவேளை நம்மை அதில் ஏற்றிக்கொள்வார்.

1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இவ்வகைக் கார், லோட்டஸ் எலான் போன்ற 1960-களின் ஆங்கிலேயச் சிறு கார்களை மனத்திற்கொண்டு ஜப்பானியர் உருவாக்கியது. ஆங்கிலேயருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அதன் நலிவு மறைவானது. கூரையில் விழும் மழை பின்புறம் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னே மறைந்துள்ள ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் சேரும். அதன் இரு கோடியிலும் ஒவ்வொரு துளை. துளைக்குக் கீழே ஒரு மென்குழாய். அது காரின் உடலுக்குள் இறங்கிப் பின்சக்கரத்திற்குச் சற்று முன்னே நீரை வெளியேற்றும். இலையும் மண்ணும் அடைத்தால் நீர் பொங்கித் தரைவிரிப்பை நனைக்கும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். குழாய் கிழிந்தாலோ, கதவுக்கு அடியில் பெட்டிபோல் அமைந்த இரும்புச் சட்டத்துக்குள் நீர் சொட்டித் தங்கும். துரு உள்ளிருந்தே தின்னும். வெளிப்பூச்சு கொப்பளிக்கும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும்.

2015 இலையுதிர்காலத்தில் விரிப்பு நனைந்தது. முதியவருக்கு மூட்டுவலி, குனிய இயலவில்லை. நம் ஊர்ப் பங்கு இல்லத்து மொட்டைமாடிக் குழாயை வேப்பிலை அடைக்கும்போதெல்லாம் கம்பி விட்டுக் குத்திப் பழகியவர் நாம். சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி உள்ளே செலுத்தினோம். ஓரிடத்தில் தடுத்தது, அழுத்தினோம், சட்டென்று நெகிழ்ந்தது. மேலே நீர் ஊற்றியபோது கீழே வழிந்தது. ஆனால் ஊற்றிய அளவுக்கு வரவில்லை. அதை நாம் கண்டோம். அவர் கைதட்டி மகிழ்ந்துகொண்டிருந்தார். நாம் வாய் திறக்கவில்லை.

2017-இல் ஆண்டுத் தகுதிச் சோதனையில் கார் தேறவில்லை. இருக்கைப் பட்டை பொருத்திய இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் உடற்சட்டம் அரித்திருந்தால் அங்கே அனுமதியில்லை. இடப்பக்கச் சட்டத்தில் சுத்தியலின் நுனி உள்ளே போயிற்று. கெட்ட தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். இத்துரு பத்தாண்டுக்கும் மேற்பட்டது என்றார் பற்றவைத்தவர். அந்த ஆறுதல் நமக்குப் போதவில்லை.

குழாய்களை மாற்ற ஒரு சனிக்கிழமை முழுதும் சென்றது. விரிப்பைச் சுருட்டி, பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, கூரையின் கீழ்விளிம்பைப் பிடித்திருந்த மரைகளைத் தளர்த்தி, வாய்க்காலைத் தூக்கினால்தான் குழாயின் தலை தெரிகிறது. கால் நூற்றாண்டு வயதில் அது விறைத்து, வளைத்தால் வெடித்தது. இடப்பக்கக் குழாயை உருவி ஒளியில் பிடித்தார். நடுவே ஆணி பருமனில் ஒரு துளை.

"இது வயதால் வந்ததில்லை" என்றார்.

"நம் கம்பியால் வந்தது. அன்றே ஐயம் தோன்றியது. சொல்லவில்லை."

அவர் அந்தத் துளையைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. கொட்டகையின் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு குழாயோடு போயிருக்கும், பாதர்."

"ஆம்."

புதிய குழாய்களில் ஒன்றை நம்மிடம் நீட்டினார். "வலப்பக்கத்தை நீங்களே மாட்டுங்கள். எனக்குக் குனிய முடியாது."

மாட்டினோம். இனி அடைத்தால் விடுவதற்கென்று, புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் இழையில் ஒரு முழம் வெட்டி, அதன் முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, கருவிப்பெட்டியில் அவர் வைத்தார். கம்பியை அவர் தூக்கியெறியவில்லை. அதுவும் அப்பெட்டியிலேயே கிடந்தது.

பின்பு அரை லிட்டர் அளவுக் குவளையில் நீர் கொணர்ந்தார். நாம் பின்சக்கரத்தருகே தரையில் மல்லாந்து படுத்து, வேறொரு குவளையை ஏந்தினோம். மேலிருந்து மெல்ல ஊற்றினார்.

"எவ்வளவு வந்தது?" என்று கேட்டார்.

குவளையை விளக்கருகே கொண்டுசென்று, கோட்டைப் பார்த்தபின்பே விடை சொன்னோம்.